ஒலியொத்த ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிதல்

ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் வரும் சொற்கள் ஒலியொத்த சொற்கள் எனப்படும். தமிழில் இத்தகைய மயக்கம் தரும் ண, ன, ந, ல, ள, ழ, ர, ற ஆகிய 8 எழுத்துகள் மயங்கொலிகள் எனப்படுகின்றன. மலை வேறு, மழை வேறு. பனி வேறு, பணி வேறு. ஆங்கிலத்திலும் இம்மயக்கம் மிகுதி. நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்திலுள்ள கட்டபெட்டு போன்ற ஊர்களில், வீட்டில் தமிழோ படுகு மொழியோ பேசிப் பள்ளியில் ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் இதை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

காரணம்

ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில் உயிரொலிகள் பெரிதும் மாறின. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பின் எழுத்துமுறை மெல்ல நிலைபெற்றது. ஒலியோ தொடர்ந்து மாறியது. இறைச்சியைக் குறிக்கும் 'மீட்', சந்திப்பைக் குறிக்கும் 'மீட்' ஆகியவை முன்பு வெவ்வேறாக ஒலித்தவை. இன்று எழுத்தில் மட்டுமே வேறுபாடு எஞ்சியுள்ளது.

ஒரே ஒலி, வேறு எழுத்து

இவ்வகைச் சொற்கள் பல தமிழர் பேச்சிலேயே கலந்துள்ளன.

'பிரேக் பிடிக்கவில்லை' என்பதில் உள்ளது வண்டியை நிறுத்தும் கருவி (பி-ஆர்-ஏ-கே-இ). 'பிரேக் டவுன்' என்பதில் உள்ளது உடைதல் (பி-ஆர்-இ-ஏ-கே).

'வெயிட் பண்ணு' என்றால் காத்திரு (டபிள்யூ-ஏ-ஐ-டி). பறித்த இலையை நிறுத்துப் பார்க்கும் 'வெயிட்' எடை (டபிள்யூ-இ-ஐ-ஜி-எச்-டி). எடையில் வரும் ஜி, எச் எழுத்துகள் ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டவை.

'மிஸ்ட்' என்பது மூடுபனி (எம்-ஐ-எஸ்-டி). பேருந்தைத் தவறவிட்டதைச் சொல்லும் 'மிஸ்ட்' (எம்-ஐ-எஸ்-எஸ்-இ-டி) ஒலியில் அதுவே.

நெருங்கிய ஒலிகள்

தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து இடத்திற்கேற்ப இருவகையாக ஒலிக்கிறது. அதனால் பை, முதுகு, பொதி, அடுமனையில் சுடுதல் ஆகிய நான்கு பொருள் தரும் நான்கு ஆங்கிலச் சொற்களும் தமிழில் எழுதும்போது 'பேக்' என்றே ஆகிவிடுகின்றன. காதுக்கு அவை நான்கும் வெவ்வேறு. கட்டபெட்டு என்ற பெயரிலேயே 'பெ' மெல்லொலியாக வருவதை உள்ளூர்க்காரர் அறிவர். அவ்வொலியைச் சொல்லின் தொடக்கத்தில் பழக்கினால் பையும் பொதியும் பிரிந்துவிடும்.

சொல்லின் இறுதி ஒலியும் முக்கியம். 'லீஃப்' இலை, 'லீவ்' விடுப்பு, குறிலாக வரும் 'லிவ்' வாழ்தல். விடுப்பு விண்ணப்பத்தில் இவை மாறினால் பொருளே மாறிவிடும். விலைக்கும் பரிசுக்கும் நாம் 'பிரைஸ்' என்றே சொல்கிறோம். பரிசில் இறுதி ஒலி அதிர்வுடன் வரவேண்டும்.

மயக்கத்தின் விளைவு

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூருக்கு அருகே ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் மலையில் மோதியது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் எண்களைத் தனித்தனியே சொன்னார். முதலில் வந்த 'டூ' என்ற இரண்டை, 'வரை' என்னும் பொருள் தரும் 'டு' என விமானிகள் கொண்டனர். எனவே 400 அடிக்கு இறங்கினர். விமானத்தில் இருந்த 4 பேரும் இறந்தனர். இத்தகைய மயக்கம் நேராதிருக்கவே வானூர்தி வானொலியில் ஒன்பதை 'நைனர்' என்று சொல்லும் வழக்கம் உள்ளது.

பிரித்தறியும் வழிகள்

1. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கவும். 'லீவ்' இறுதியில் அதிர்வு தெரியும்; 'லீஃப்' இறுதியில் தெரியாது.

2. உயிரொலியின் நீளத்தைக் கவனிக்கவும். அதிர்வுள்ள மெய்க்கு முன் உயிரொலி சற்று நீளும்.

3. பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா எனப் பார்க்கவும். அறிவுரை என்னும் பெயர்ச்சொல்லான 'அட்வைஸ்' அதிர்வின்றி முடியும்; அறிவுரை கூறு என்னும் வினை அதிர்வுடன் முடியும். 'பிலீஃப்' நம்பிக்கை, 'பிலீவ்' நம்பு என்பதும் இவ்வாறே.

4. தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல், இரு சொற்களையும் ஒரே தொடரில் அமைத்து எழுதிப் பழகவும்.

5. ஐயம் எழுந்தால் எழுத்துக்கூட்டிக் கேட்கவும். தொலைபேசியில் இதுவே பாதுகாப்பான வழி.