பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி

கேகாலைத் தோட்டங்களில், பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கும்போதுதான் நாம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தேடத் தொடங்குகிறோம். லயத்துக் கூரை ஒழுகி அது நைந்து போயிருக்கும். பிறப்பைப் பதிந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் ஏட்டைத் தேடுவதற்கும் சேர்த்துச் செலுத்தவேண்டும். ஆகவே அவற்றை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பிரதி வந்ததும் அப்படியே பெட்டியில் வைத்துவிடாதீர்கள். சிங்களத்தில் எழுதும்போது எமது பெயர்கள் உருமாறுவதுண்டு. சேமலாப நிதி எடுக்கும் நாளில் அந்த ஓரெழுத்தே வம்பாகிவிடும். தாய் தந்தை பெயர்களையும் வாசித்துப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. இன்னாரின் பிள்ளை என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி.

பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது ஞானஸ்நானச் சான்றும் பாடசாலைச் சான்றும் கைகொடுக்கும்.