நிரந்தர ஒப்பனை: ஊசி தொடுமுன் அறிய வேண்டியவை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நகைக் கடன் புதியதன்று. விதை வாங்க, கல்லூரிக் கட்டணம் செலுத்த, ஏலத் தோட்டத்திற்கு உரமிட என்று நகைகள் கிளைக்கு வருவதும் அறுவடைக்குப் பின் வீடு திரும்புவதும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. அண்மைக் காலமாக அந்தக் காரணங்களோடு ஒரு புதிய காரணமும் சேர்ந்துள்ளது. அதுவே நிரந்தர ஒப்பனை.

சில மாதங்களுக்கு முன் எமது கிளைக்குத் தோட்டத் தொழிலாளி ஒருவர் மூன்று சவரன் சங்கிலியுடன் வந்தார். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மகளின் கீழுதட்டோரம் ஒரு வெண்புள்ளி. எல்லை தாண்டியுள்ள நகரொன்றின் அழகு நிலையத்தில், உதட்டுக்கு நிறமி ஏற்றினால் அது தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். "முகூர்த்தத்துக்கு இன்னும் ஏழு வாரந்தான் சார், அதுக்குள்ள முடிச்சுடணும்" என்றார் அந்தத் தாய். கடன் படிவத்தை எடுத்து வைத்தோம். எடுத்து வைக்கும்போது ஒரு கேள்வியும் கேட்டோம்: "தோல் மருத்துவரிடம் காட்டினீர்களா அம்மா?" காட்டவில்லை என்றார். அவருடைய இசைவுடன், பெயரும் ஊரும் தவிர்த்து, இந்நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறோம். அந்த ஒரு கேள்வியின் தொடர்ச்சியே இக்கட்டுரை.

பழைய பச்சை, புதிய பெயர்

நிரந்தர ஒப்பனை என்பது அடிப்படையில் பச்சை குத்துதலே. நம் பாட்டிமார்களின் முன்கைகளில் இன்றும் கோலங்களையும் பெயர்களையும் காண்கிறோம். ஊர் ஊராகச் சென்ற குறத்தியர் ஊசியால் குத்தியவை அவை. மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்துக் கட்டிய துணியை எரித்து, அதன் கரியைப் புதுச் சட்டியில் பிடித்து, தாய்ப்பாலில் குழைத்து மை செய்த முறையை எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இன்று கருவியும் மையும் மாறியுள்ளன. மெல்லிய ஊசி வரிசையால் புருவ முடிபோலக் கீறி நிறமி ஏற்றுவது மைக்ரோபிளேடிங். இயந்திரத்தால் புள்ளி புள்ளியாக ஏற்றுவது புருவ நிழலிடல். இமையோரம் மை தீட்டுவதும், உதட்டுக்கு நிறம் கொடுப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. எந்தப் பெயரில் அழைத்தாலும் தோலைத் துளைத்து, அயற்பொருள் ஒன்றை உள்ளே விட்டு வைக்கிறோம் என்பதே உண்மை.

'நிரந்தரம்' என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மைக்ரோபிளேடிங் புருவம் பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் மங்கிவிடும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் கோடுகள் விரைவில் கலங்கிவிடும். நிறமும் அப்படியே நிற்பதில்லை. சில நிறமிகள் சிவப்பேறும். கரி கலந்தவை நீலச் சாம்பலாக மாறும். ஆக, அழகு நிரந்தரமன்று. ஆனால் தோலுக்குள் சென்ற நிறமியின் எச்சம் பல ஆண்டுகள் தங்கக்கூடும். பணம் செலுத்துமுன் மனத்தில் இருத்த வேண்டிய முதற்கருத்து இதுவே.

மைக்குள் இருப்பது என்ன?

மளிகைப் பொருளை வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்கும் நாம், உடலுக்குள் செல்லும் மையின் குப்பியைப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல், பச்சை மைகளிலும் நிரந்தர ஒப்பனை மைகளிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்காவில் 2024இல் வெளியான ஆய்வொன்றில், 14 நிறுவனங்களின் 75 மைகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 26இல் நுண்ணுயிர்கள் இருந்தன. உறை பிரிக்காத குப்பி என்பதாலேயே அது தூய்மையானது என்று கொள்ள இயலாது என்பதற்கு இது சான்று. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்திலும், பச்சை மைகளைச் சோதித்தபோது 22 வகை உலோகங்கள் காணப்பட்டதாக அம்மாநிலச் சுகாதார அமைச்சர் 2025இல் தெரிவித்து, இதற்குத் தரக் கட்டுப்பாடு வேண்டும் என்றார்.

எனவே மையின் பெயர், உற்பத்தியாளர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒவ்வாமை ஏற்பட்டால் மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். காதுக்குப் பின்புறம் போன்ற மறைவான இடத்தில் சிறிதளவு ஏற்றிச் சோதிக்கும் ஒட்டுச் சோதனையையும் வலியுறுத்துங்கள். ஒவ்வாமை சில வாரங்கள் கழித்தும், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். ஆதலால் சோதனையில் தேறுவது முழு உறுதியன்று. எனினும் அதைத் தவிர்ப்பது அறிவுடைமையாகாது.

ஊசி யாருடையது?

ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை அசுத்த ஊசியால் பரவக்கூடியவை. இதனாலேயே நம் நாட்டின் இரத்ததான வழிகாட்டுதல், பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்கள் இரத்தம் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. நிரந்தர ஒப்பனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஊசியும் பிளேடும் உங்கள் கண்முன் புதிய உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். மை ஒருமுறை பயன்படுத்தும் சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். மீந்ததைக் குப்பிக்குள் திருப்பி ஊற்றக் கூடாது. கையுறை புதியதாக இருக்க வேண்டும். மீண்டும் பயன்படும் கருவிகள் நீராவி அழுத்தக் கலத்தில் கிருமி நீக்கப்பட வேண்டும். வெந்நீரில் கழுவுவதும் சாராயம் தடவுவதும் அதற்கு ஈடாகா. மரத்துப்போகப் பூசும் களிம்பிலும் கவனம் தேவை. செறிவு மிகுந்த லிடோகெய்ன் களிம்புகளால் இதயத் துடிப்புக் கோளாறும் வலிப்பும் நேரக்கூடும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்தது. மரத்துப்போக ஊசி போடுவோம் என்று மருத்துவர் அல்லாத ஒருவர் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நலம்.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ தசை புடைத்து வளர்ந்தவர்கள், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருபவர்களுக்கு ஊசியின் காயமே அதை மீண்டும் தூண்டக்கூடும்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. வெண்புள்ளி தொற்றுநோய் அன்று, தொழுநோயும் அன்று. நிறமியேற்றி அதை மறைப்பது மருத்துவத்திலும் உள்ள முறைதான். ஆனால் புள்ளி பரவிக்கொண்டிருக்கும் காலத்தில் தோலைக் காயப்படுத்தினால், காயம்பட்ட இடத்திலேயே புதிய புள்ளி தோன்றக்கூடும். ஆதலால் குறைந்தது ஓராண்டேனும் புதிய புள்ளியின்றி நிலைத்திருக்க வேண்டும் என்பதே தோல் மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவுகோல். அழகு நிலையத்தின் விலைப்பட்டியலில் இந்த அளவுகோல் இடம்பெறுவதில்லை.

மலையும் மழையும்

ஊசி பட்ட இடம் ஆறுவதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை அவ்விடம் நனையாமலும், வியர்வையும் கடும் வெயிலும் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருக்கைக் கிள்ளக் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் கொழுந்து பறிப்பவருக்கும், ஏலக்காட்டில் மருந்து தெளிப்பவருக்கும், கோடையில் சித்தூர் வயலில் நிற்பவருக்கும் இது எளிதன்று. விடுப்பு எடுக்க இயலும் காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் வாரத்தில் நிறம் மிக அடர்ந்து தோன்றும், பிறகே தெளியும். நான்கு முதல் எட்டு வாரங்களில் திருத்தத்திற்காக மீண்டும் செல்ல நேரும். ஆகவே திருமணத்திற்குச் சில வாரங்களே இருக்கும்போது தொடங்குவது உகந்ததன்று.

போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளை இறங்கித் தேனி மாவட்டத்திலோ, வாளையாறு கடந்து கோயம்புத்தூரிலோ இதைச் செய்துகொள்பவர்கள் நம்மில் பலர். சீழ் பிடித்தாலோ முகம் வீங்கினாலோ திரும்பவும் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருக்கும். அத்தகைய நேரத்தில் நிலையத்திற்குத் தொலைபேசியில் பேசிக் காத்திருக்காமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

கணக்கும் காகிதமும்

வங்கிப் பணியாளர் என்ற முறையில் நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு. விளம்பரத்தில் காணும் தொகை முதல் அமர்வுக்கு மட்டுமா, திருத்தமும் சேர்த்தா எனக் கேளுங்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள். பிடிக்காமற் போனால் லேசர் கொண்டு நீக்கப் பல அமர்வுகள் தேவை. இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு கலந்த நிறமிகள் லேசர் பட்டுக் கருத்துப்போவதும் உண்டு. இட்ட செலவைவிட எடுக்கும் செலவு மிகுதியாகலாம். அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சைகளை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

கடன் அட்டையில் செலுத்தி நிலுவை வைத்தால் ஆண்டு வட்டி 36 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். ஓராண்டு தொடர் வைப்பில் சிறுகச் சேர்த்துப் பின் செலவிடுவது நல்லது. அந்த ஓராண்டு, முடிவை மறுமுறை எண்ணிப் பார்க்கவும் உதவும்.

உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் உள்ள இடத்தையே நாடுங்கள். பணத்தைக் கணக்கு வழியாகச் செலுத்தி, செய்த வேலையைக் குறிப்பிட்டு ரசீது பெறுங்கள். ஒப்புதல் படிவம் புரியாத மொழியில் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லிய பின்னரே கையொப்பமிடுங்கள். ஒரு நகலும் கேளுங்கள். முன்னும் பின்னும் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேவையில் குறை நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நமக்கு ஒரு நல்ல வழியைத் தந்துள்ளது. நிலையம் எல்லைக்கு அப்பால் இருந்தாலும், நாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். செலுத்திய தொகை ஐந்து இலட்சத்திற்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம்.

அந்தச் சங்கிலி

அந்தத் தாய் அன்று கடன் பெறாமலே திரும்பினார். மகளை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். புள்ளி நான்கு மாதங்களுக்குள் தோன்றியது, இப்போதும் பரவுகிறது, ஊசி கூடாது, முதலில் மருந்து என்றார் மருத்துவர். செய்தியை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம் என்று மகளே முடிவெடுத்தார். இரு வீட்டாரும் ஒருநாள் அமர்ந்து பேசினர். மாப்பிள்ளையின் தாயார் மருத்துவரையும் நேரில் கண்டு ஐயம் தெளிந்தார். திருமணம் குறித்த நாளில் நடந்தது. உதட்டுக்குச் சாதாரணச் சாயமே பூசியிருந்தார்கள். அழைப்பின்பேரில் நாமும் சென்றிருந்தோம். மூன்று சவரன் சங்கிலி மணமகளின் கழுத்தில் இருந்தது.

நிரந்தர ஒப்பனை வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமன்று. நோயாலோ தீக்காயத்தாலோ புருவம் இழந்தவர்களுக்கு அது தன்னம்பிக்கை தரும் துணையாகவும் அமைகிறது. மை எது, ஊசி யாருடையது, என் தோலுக்கு ஏற்றதா, தவறினால் திருத்தும் வழி என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை பெற்ற பின் முடிவெடுங்கள். கடன் தேவைப்பட்டால் கிளைக்கு வாருங்கள்; படிவத்தோடு அந்தக் கேள்விகளையும் நாம் எடுத்து வைப்போம்.