பேசுவதற்கு முன் கேட்டவர்: நடேசய்யர் காட்டும் தலைமைத்துவப் பாடம்

ஒருவரிடம் தலைமைத்துவப் பண்பு இருக்கிறதா என்று கேட்டால், நாம் பெரும்பாலும் அவருடைய பேச்சுத் திறமையைத்தான் முதலில் பார்க்கிறோம். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யரும் நல்ல பேச்சாளர்தான். ஆனால் மேடை ஏறுவதற்கு முன் அவர் செய்த வேலையே அவருடைய தலைமைக்கு அடித்தளமானது.

தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்த அவர், தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பினார். அன்று தோட்டம் என்பது துரையின் ஆட்சிக்கு உட்பட்ட தனி உலகம். அனுமதியின்றி நுழையும் வெளியாள் மீது அத்துமீறல் வழக்குப் பாயும். ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போனார். துரைமார், கங்காணிமாரின் கெடுபிடிகளைக் கண்டறிந்து எழுதினார். பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் காதுகொடுத்துக் கேட்பதுதான் சமூக மாற்றத்தை முன்னெடுப்பவருக்கு வேண்டிய முதல் பண்பு. அது இல்லாதவரின் கோரிக்கைகள் அவருடைய சொந்தக் கற்பனைகளாகவே இருந்துவிடும்.

இரண்டாவது பண்பு, மக்களின் மொழியில் பேசுவது. நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' போன்ற பத்திரிகைகளை நடத்தினார். ஆனால் தொழிலாளரில் பலருக்கு எழுத்தறிவு இல்லை. இந்த இடைவெளியை நிரப்பியவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை. உரிமைகளைப் பாடல்களாக்கி, கூட்டங்களில் தானே பாடினார். பெண்கள் பொதுமேடை ஏறுவது அரிதாக இருந்த காலம் அது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு, தங்களைப் போன்ற ஒரு பெண்ணின் குரல் மேடையிலிருந்து கேட்டது. மேடையைப் பிறரோடு பகிர்வதும் தலைமைக்குரிய பண்புதான்.

மூன்றாவது, தேவைப்படும்போது தனித்து நிற்கும் துணிவு. கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவுடன் நடேசய்யர் இணைந்து பணியாற்றினார். குணசிங்கவின் போக்கு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது அவரிடமிருந்து பிரிந்தார். செல்வாக்குள்ள கூட்டாளியை இழந்த பின்னரும் ஓய்ந்துவிடவில்லை. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கி, அட்டனைத் தளமாகக் கொண்டு இயங்கினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையிலும் குரல் கொடுத்தார்.

இந்த வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. சம்மேளனம் பெரும்பாலும் அவர் ஒருவரையே நம்பி நின்றது. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் தொழிற்சங்கத் துறையில் இறங்கியதும் சம்மேளனம் தேய்ந்தது. 1947இல் நடேசய்யர் காலமானார். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. அவர்களுக்காக நீண்ட காலம் வாதாடிய குரல் அப்போது இல்லை. அவர் வளர்த்த சம்மேளனமும் அந்த இடத்தை நிரப்பும் நிலையில் இருக்கவில்லை. அடுத்த வரிசைத் தலைவர்களை வளர்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சம்பளம், காணி, வீடு என்று மலையகத்தின் கோரிக்கைகள் இன்றும் தொடர்கின்றன. அவற்றை முன்னெடுக்க வரும் இளைஞர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. நான் யாரிடம் கேட்டறிந்தேன்? யாரோடு மேடையைப் பகிர்கிறேன்? எதை இழக்கத் தயார்? நாளை நான் இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடரப்போவது யார்?