உங்களுக்குத் தெரியுமா? மேலே போனால் ரத்தம் என்ன செய்யும்?

★ எவரெஸ்ட் உச்சிக் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், கடற்கரைக் காற்றிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அவ்வளவே.

★ லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். உடம்பு மட்டும் இன்னும் டெல்லியிலேயே இருக்கும். முதலில் மூச்சு வேகமாகும். அதனால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, ரத்தத்தில் காரத்தன்மை கூடும். உடனே மூளை மூச்சைக் குறைக்கப் பார்க்கும். இந்த இழுபறியில்தான் முதல் சில இரவுகள் தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்றுபோய், திணறி விழிக்க நேர்கிறது. பஞ்சாயத்தைத் தீர்த்து வைப்பது சிறுநீரகம். பைகார்பனேட்டைச் சிறுநீரோடு வெளியேற்றிச் சில நாளில் சமன் செய்துவிடும். ஊர் சுற்ற வந்த இடத்தில் அடிக்கடி பாத்ரூம் தேட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே வேலை நடக்கிறது.

★ ஓரிரு நாளிலேயே ஹீமோகுளோபின் அளவு ஏறிவிடும். புது ரத்தம் ஊறியதால் அல்ல, பிளாஸ்மா குறைந்ததால். சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே எரித்ரோபொய்ட்டினைச் சுரந்து எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடும். ஆனால் சிவப்பணுக்கள் உருப்படியாகப் பெருக வாரக்கணக்கில் ஆகும்.

★ 1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த வீரர்கள் அவசர அவசரமாக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் நுரையீரலில் நீர் கோத்துச் சாய்ந்தார்கள். மலை நோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி ராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் 1969இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இப்போது உயரத்துக்குப் போகும் வீரருக்கு முதல் கட்டத்தில் ஆறு நாள் பழக்கம். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டுமே, பிறகுதான் நடை. சில வாரம் லீவில் ஊருக்கு வந்து திரும்பினாலும் மறுபடி சில நாள் பழகித்தான் ஏற முடியும்.

★ 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரின் உயரம் 2,240 மீட்டர். அடர்த்தி குறைந்த காற்றில் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். 1991 வரை அது உலக சாதனை. 10,000 மீட்டர் ஓட்டத்தில் கதையே வேறு. மேட்டு நிலத்தில் வளர்ந்த கென்யாவின் நாஃப்டாலி டெமு தங்கம் வென்றார். உலக சாதனையாளரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, நினைவிழந்து விழுந்தார்.

★ ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டாவுக்கு மலையே தேவைப்படவில்லை. எரித்ரோபொய்ட்டினை ஏற்கும் புரதத்தில் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம். சிவப்பணுக்கள் சராசரியைவிட மிக அதிகம். ஒலிம்பிக் பதக்கங்கள் ஏழு.

★ அதற்காக ரத்தம் கெட்டியாவது நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆண்டிஸ் மலைவாசிகளில் சிலருக்குச் சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகி, ரத்தம் பாகுபோல் தடித்து, தலைவலியும் மூச்சுத் திணறலும் வாட்டும். பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கேயின் பெயரால் வழங்கும் நோய் இது. திபெத்தியர்களோ அதே உயரத்தில் ஹீமோகுளோபினை அதிகம் ஏறவிடாமலே வாழ்கிறார்கள். என்னைக் கேட்டால் கெட்டிக்கார ஏற்பாடு இதுதான். இதற்கு உதவும் மரபணு வடிவம், மறைந்துபோன டெனிசோவன் மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் தெரியவந்தது.

 

★ 2007இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டு இறங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள், 8,400 மீட்டரில் கொட்டும் குளிரில் கால்சட்டையைத் தளர்த்தி, தொடைத் தமனியிலிருந்து தங்கள் ரத்தத்தையே எடுத்தார்கள். ஷெர்பாக்கள் அதை 6,400 மீட்டரில் இருந்த ஆய்வகத்துக்கு விரைந்து கொண்டுபோனார்கள். நமக்கெல்லாம் 80 முதல் 100 வரை இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் ஒருவருக்கு 19.1 மில்லிமீட்டர்தான் இருந்தது. ஆள் தெளிவாகவே இருந்தார்.