செவ்வாயில் வெள்ளம் வெட்டிய தடங்கள்

மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே ஓர் ஆறு எப்படிப் பிறந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மழையில் பிறந்த ஆறு சிற்றோடைகளாகத் தொடங்கி, ஒன்றோடொன்று கூடி, போகப்போக அகலும். செவ்வாயில் உள்ள ஏரிஸ் பள்ளத்தாக்கு அப்படியல்ல. தொடங்கும் இடத்திலேயே பல கிலோமீட்டர் அகலம். சொல்லும்படியான துணையாறுகள் இல்லை. அதன் தலைப்பகுதியில் நிலம் உள்வாங்கி, பாளம் பாளமாக உடைந்து கிடக்கிறது.

அது எப்படிப் பிறந்தது என்பதற்கு விடை அந்த உடைந்த நிலத்தில்தான் இருக்கிறது. செவ்வாயின் மேல்நிலம் ஆழம்வரை உறைந்திருந்த காலத்தில், அதனடியில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருந்தது. எரிமலைச் சூடோ, நிலப்பிளவோ, விண்கல் மோதலோ அந்த உறைமூடியை உடைத்திருக்கலாம். நீர் ஒரே மூச்சில் பீறிட்டது. தாங்க ஏதுமில்லாமல் மேல்நிலம் சரிந்தது. இது நடந்தது பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு.

1971 நவம்பரில் செவ்வாயை அடைந்த மரைனர் 9 விண்கலம், அங்கே வீசிக்கொண்டிருந்த புழுதிப்புயல் அடங்கிய பிறகு இதுபோன்ற வெள்ளத் தடங்களைப் படமெடுத்தது. அவற்றின் நடுவே, நீரோட்டம் செதுக்கிய கண்ணீர்த்துளி வடிவத் தீவுகளும் தெரிந்தன. அதே வடிவங்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உண்டு. பனியுகத்தின் இறுதியில், பனிப்பாறை அணை உடைந்து மிசூலா ஏரி பலமுறை பாய்ந்த நிலம் அது. 1923இல் ஹார்லன் பிரெட்ஸ் இதைப் பெருவெள்ளத்தின் வேலை என்றபோது நிலவியலாளர் பலர் நம்ப மறுத்தனர். அவர் பக்கம் நியாயம் என்று ஏற்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நிலவியலாளர் விக்டர் பேக்கர் போன்றோர் செவ்வாய்த் தடங்களைப் படிக்க அந்த நிலமே பாடநூலானது.

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் ஏரிஸ் பள்ளத்தாக்கின் வாய்ப்பகுதியில் இறங்கியது. வெள்ளம் பல இடத்துப் பாறைகளை அடித்துவந்து குவித்திருக்கும் என்பதே அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அங்கே, நீரோட்டம் தள்ளியதுபோல் ஒரே திசையில் சாய்ந்த பாறைகள் தென்பட்டன. ஆனாலும், செவ்வாயின் சில தடங்களை நீரல்ல, எரிமலைக் குழம்பு வெட்டியிருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு.

இத்தடங்களைக் கண்டதும் செவ்வாயில் ஒருகாலத்தில் மழை பெய்தது என்று முடிவுகட்டுவது சரியல்ல. திடீர் வெள்ளத்துக்கு வானம் கனிய வேண்டியதில்லை. கடுங்குளிரிலும் அது பாயும், மேலே பனி மூடிக்கொண்டே ஓடும். மழைக்கோ பனிப்பொழிவுக்கோ சாட்சி வேண்டுமென்றால், இன்னும் பழமையான தெற்கு மேட்டுநிலத்தில் மரக்கிளைபோல் பிரியும் சிறு பள்ளத்தாக்குகளைத்தான் பார்க்க வேண்டும்.