அங்காடியும் ஒரு பள்ளிக்கூடம்

பிறநாடு சென்று மீள்வோர் அங்குள்ள மாடமாளிகைகளையும் பூங்காக்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். ஆயின், ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் முதலிற் செல்லவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, அவர்கள் அரிசியும் மரக்கறியும் வாங்கும் அங்காடி. மற்றொன்று, அவர்கள் அன்றாடம் அமர்ந்து உண்ணும் இடம். சென்ற பாடசாலை விடுமுறையிலே குடும்பத்தினருடன் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, இவ்விரண்டிலும் கண்டவற்றையும் அவை பற்றி அறிந்தவற்றையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

சுப்பர் மார்க்கட் என நாம் வழங்கும் பேரங்காடியில், வாங்குவோர் தாமே பொருள்களைத் தெரிந்தெடுத்து, வெளியேறும் வாயிலிலே பணம் செலுத்துகின்றனர். இம்முறை மிகப் பழமையானதன்று. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் திறந்த 'பிக்லி விக்லி' என்னும் கடையே இதற்கு முன்னோடி. அதற்கு முன்னர், நம்மூர்ப் பலசரக்குக் கடைகளிற்போல, கடைக்காரரே பொருளை எடுத்து நிறுத்துக் கொடுப்பது வழக்கம். அவரிடம் கேட்டறிந்த செய்திகளை இன்று பொதியின் மேலுள்ள சிட்டை கூறுகின்றது. விலை, நிறை, காலாவதித் திகதி, விளைந்த நாடு ஆகிய யாவும் அதில் உண்டு. சிட்டையை வாசிப்பவருக்கு அங்காடி ஒரு பள்ளிக்கூடம். வாசியாதவருக்கு அது வெறுங்கடை.

சிங்கப்பூரின் குடியிருப்புகளை அண்டி எங்கும் காணப்படும் 'பெயார்பிரைஸ்' அங்காடிகள் ஒரு கூட்டுறவு நிறுவனத்துக்கு உரியவை. 1973 ஆம் ஆண்டில் உலகெங்கும் விலைவாசி ஏறிக்கொண்டிருந்த வேளையிலே, கொள்ளை இலாபத்தைத் தடுக்கும் நோக்குடன் அந்நாட்டுத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோ என்னுமிடத்தில் 'வெல்கம்' என்ற பெயரில் ஒரு கடையைத் திறந்தது. 1983 இல் மற்றொரு தொழிலாளர் கூட்டுறவு நிறுவனத்தோடு இணைந்தபோது, இப்போதைய பெயர் வந்தது. நம் நாட்டில் 1957 முதலாகப் பரவிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும், அவற்றின் வழியே ஊர்தோறும் எழுந்த சங்கக்கடைகளையும் அறிந்த நமக்கு இக்கருத்துப் புதியதன்று. அதனை அவர்கள் எத்துணை தூரம் வளர்த்தெடுத்துள்ளனர் என்பதே சிந்தித்தற்குரியது.

அங்காடியினுள்ளே என் இளைய மகள் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் நடந்தாள். தாய்லாந்து, வியட்னாம், இந்தியா, யப்பான் என அரிசிக்கே நான்கு நாடுகள், மரக்கறிக்கு மலேசியாவும் சீனாவும், பாலுக்கு அவுஸ்திரேலியா, உறைய வைத்த கோழிக்குப் பிரேசில். நமது தேயிலையைக் கண்டபோது அவள் முகம் மலர்ந்தது. அரை மணி நேரத்திலே இருபது நாடுகளின் பெயர்கள் அப்புத்தகத்தில் ஏறிவிட்டன. புவியியற் பாடத்தை இதனினும் இனிதாக வகுப்பறையிற் கற்பித்தல் அரிது.

இவ்வாறு நாடுகள் பல அணிவகுப்பதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூர் பரப்பளவில் நமது யாழ்ப்பாண மாவட்டத்தினும் சிறியது. அங்கே ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் உண்பதில் நூற்றுக்கு 90 பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றது. ஆதலால், ஒரு நாடு கைவிட்டால் இன்னொரு நாடு கைகொடுக்கும் வண்ணம் 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலுமிருந்து உணவைத் தருவிக்கின்றனர். அரிசி இறக்குமதி செய்வோர் தமது மாத இறக்குமதியின் இருமடங்கைக் களஞ்சியத்திற் சேமித்து வைக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. 2022 ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி மலேசியா கோழி ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, கோழிச்சோறு விற்போர் கலங்கினர். ஆயினும், உறைய வைத்த கோழி வேறு நாடுகளிலிருந்து வந்தது. அம்மாத முடிவுக்குள் இந்தோனேசியக் கோழிக்கும் அனுமதி கிடைத்தது.

அதே 2022 இல் நாம் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதை மறத்தல் இயலாது. நமக்கு வயல் உண்டு, குளம் உண்டு, கடலும் உண்டு. எனினும், 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு நெல் விளைச்சல் குன்றியது. அந்நியச் செலாவணியும் வற்றியது. நிலமுடைமை மட்டும் வயிற்றை நிரப்பாது. முன்யோசனையும் வேண்டும் என்பதை அவ்வாண்டு நமக்குக் கசப்பாகவே உணர்த்தியது.

இனி, உண்ணும் இடத்துக்கு வருவோம். முன்னாளிலே தெருவோரங்களில் வண்டில் வைத்து உணவு விற்றோரை 1970களிலும் 1980களிலும் நீர்வசதியும் வடிகாலும் அமைந்த கட்டடங்களில் அரசு குடியமர்த்தியது. இவையே உணவங்காடி நிலையங்கள். 2020 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சீனர், மலாயர், தமிழர் ஆகியோரின் கடைகள் ஒரே கூரையின்கீழ் நிற்க, அவரவர் தட்டை ஏந்திவந்து ஒரே மேசையில் உண்கின்றனர்.

அங்கு நமக்கு அந்நியமானவை குறைவு. தேங்காய்ப் பால், முட்டை, சீனி ஆகியவற்றுடன் நமது ரம்பை இலையின் மணமும் சேர்ந்த 'காயா' என்னும் களியைப் பாணிற் பூசி உண்டபோது, "இது வட்டிலப்பத்தின் தங்கை" என்றார் என் மனைவியார். நமது இடியப்பம் அங்கே 'புட்டு மாயம்' என்ற பெயருடன், சொதிக்குப் பதிலாகத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கூடி வருகின்றது. நாம் சம்பல் என்பதை மலாயர் 'சம்பால்' என்கின்றனர். கடல் கடந்து வணிகரும் தொழிலாளரும் சென்ற வழிகளை, வரலாற்று நூல்களைப் போலவே, உணவுத் தட்டும் காட்டுகின்றது.

ஆகவே, பிள்ளைகளுடன் பிறநாடு செல்லும் பெற்றோர் ஒரு காலைப்பொழுதை அங்காடிக்கென ஒதுக்குவாராக. விலையை மட்டும் ரூபாவில் மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விடாது, பொருள் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, வராவிடின் என்னாகும் என வினவப் பழக்குவாராக. அவ்வினாக்களை நமது ஊர்ச் சந்தையிலும் தொடர்ந்து கேட்கும் பிள்ளைகள் வளர்ந்து பொறுப்பேற்கும் நாளில், இந்நாட்டின் களஞ்சியம் காவலின்றி இராது.