ஓடு, நில், கொத்து

மார்கழியில் பைனாகுலரோடு அடையாறு முகத்துவாரத்துக்குப் போகும் புதியவர்கள் பாதிப் பேர் நொந்துபோய்த் திரும்புவார்கள். புத்தகத்தில் செங்கல் நிறத்தில் மின்னும் உள்ளான்கள் சேற்றுமேட்டில் ஒரே சாம்பலாக நிற்கும். அந்த நிறம் ஆர்க்டிக் கோடைக்கானது. குளிர்காலத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். பட்டாணி உப்புக்கொத்தி நாலெட்டு ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணால் இரை தேடும் பறவை அது. அதற்கேற்ற பெரிய கண், குட்டை அலகு. பக்கத்திலேயே, அதைவிடச் சற்றே சிறிய கொசு உள்ளான் தலை நிமிராமல் தையல் மெஷின் ஊசி மாதிரி ஈரமண்ணைக் குத்திக்கொண்டே நகரும். அதன் எடை சுமார் 25 கிராம்தான். முட்டையிடுவதோ ஆர்க்டிக் துந்திரத்தில்!

உள்ளான் இனங்களின் அலகு நுனி எலும்பில் நுண்குழிகள் உண்டு. அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். சேற்றுக்குள் புழு நெளிவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அலகுக்குத் தெரிந்துவிடும். சேற்றில் புதைந்த வாயை முழுதாகப் பிளக்க முடியாதே? நீண்ட அலகுள்ள இனங்கள் மேலலகின் நுனியை மட்டும் உயர்த்தி இரையைப் பற்றிவிடும்.

ஓதம் ஏறினால் மேடு சுருங்கும். பறவைகள் நெருங்கி ஒதுங்கும். எண்ணுவதற்கு அதுவே தோதான நேரம். இரை தேடுவதைப் பார்க்க ஓதம் வடியும்போது போக வேண்டும். இன்னொன்று: நம் கிழக்குக் கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகிவிடும். கரையிலிருந்து கடலைப் பார்த்து நிற்பவருக்கு மாலைதான் நல்லது.

வீட்டில் இந்தச் சிக்கலெல்லாம் இல்லை, காது போதும். செம்பருத்திப் புதருக்குள் 'சக்... சக்...' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. மத்திய ஆசியா, ரஷ்யா பக்கமிருந்து வந்து, குளிர்காலம் முழுக்க அந்தப் புதரைத் தன் சொத்தாகப் பிடித்துக்கொள்ளும். கம்பியில் முகமூடிக் கள்ளன்போல் கண்பட்டையோடு உட்கார்ந்து கத்துவது பழுப்புக் கீச்சான்.

ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும், மொட்டைமாடியானாலும் சரி. போன தையில் என் பட்டியலில் காகம், மைனா, கிளி, ஒரு 'சக்'.